மேல் மேட்டுப் பிள்ளை

புக்கிட் லாலாங் தோட்டம்,
பெம்பான்.
4.2.2024

குகனின் அப்பா அவர்களுக்கு,

இங்கே நான் சுகம். தங்கா பத்துவில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் போன் நம்பர் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா அக்காவிடம் இருக்கிறது. வாங்கிப் பேசத் தெரியாமல் இல்லை. பேசினால் இரண்டாவது வார்த்தையில் நமக்குச் சண்டை வரும். தாளில் எழுதினால் முழுவதையும் படித்துத்தானே ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். நம் லாலாங் மேட்டில் காற்றாலை வைக்கப்போகிறார்களாம். மேட்டின் முதுகில் வரிசையாக ஐந்து கோபுரம், ஒவ்வொன்றின் உச்சியிலும் மூன்று இறக்கை. இந்த ஊரில் காற்று எங்கே இருக்கிறது என்று நானும் கேட்டேன். துவைத்த சட்டை இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் போவதில்லை. அதற்குக் கம்பெனிக்காரர், காற்று கீழே இல்லை, உயரத்தில் இருக்கிறது என்கிறார். அவர் போய்ப் பார்த்தவர் போலிருக்கிறது.

போன சனிக்கிழமை பாலாய் ராயா பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பத்து மலாய்க்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் கவலை டுரியான் பழம். இறக்கையில் அடிபட்டு வௌவால் செத்துப்போகும், வௌவால் இல்லாமல் டுரியான் பூ காயாகாது என்று ஒரு ஹாஜி எழுந்து சொன்னார். நம் ஆட்களுக்குச் சத்தம்தான் பயம். கைக்குழந்தைக்காரி ஷாமினி, "பொழுதன்னைக்கும் வூம் வூம்னு கேட்டா பிள்ள எப்படி தூங்கும்லா?" என்றாள். கோயில் தலைவர் சாமிக்கண்ணு அண்ணன், "மொதல்ல எங்க வீட்டுக்கு கரண்டு ஒழுங்கா வரட்டும், அப்பறம் எங்க மேட்டுல கரண்டு செய்யலாம்" என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் கேட்டது ஒன்றுதான். அந்தப் பெரிய இறக்கைகளை ஏற்றிவரும் லாரிக்கு வழி எது? படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். நம் இடுகாட்டின் மேல் பாதி வழியாக. குழந்தைகளைப் புதைத்த மூலை வழியாக.

அங்கே இருக்கிறவர்களைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்வார்களாம். அதற்கு உறவினர் கையெழுத்து வேண்டுமாம். சிறுபிள்ளை என்றால் தாய் தகப்பன் இருவருடையதும். நான் போட மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் ரோடு வேறு பக்கம் திரும்பிவிடும் என்று சாமிக்கண்ணு அண்ணன் சொல்கிறார். அதனால் இப்போது ஊரே என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிறது. "திலகா இருக்கற வரைக்கும் அங்க மண்வெட்டி படாது" என்று பெருமை வேறு.

உங்களையும் தேடி வருவார்கள். யாராவது பணிவாகப் பேசினால் உங்களுக்கு மனசு இளகிவிடும். போடாதீர்கள். உயிரோடு காப்பாற்ற முடியாத பிள்ளையை மண்ணுக்குள்ளாவது நிம்மதியாக வைத்திருக்க வேண்டும். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
திலகவதி


தங்கா பத்து,
3.3.2024

திலகவதிக்கு,

உன் கடிதம் வந்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். ஒர்க்‌ஷாப் முதலாளி, சீனத் தவுக்கே, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை ரேடியோவை நிறுத்தி வைத்திருந்தார். நல்ல மனிதர்.

நீ சொன்னது போலவே கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பணிவாகத்தான் பேசினாள். மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த வார்த்தையை வாயால் சொல்லி எத்தனையோ காலம் ஆயிற்று.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ஒவ்வொரு மாசியும் குகன் திதிக்கு நான் மேட்டுக்கு வருகிறேன். விடியும் நேரத்தில் மோட்டாரில் வந்து, லாலாங் புல்லை வெட்டிவிட்டு, கொஞ்சம் பால் ஊற்றிவிட்டு, கம்பத்துப் பக்கமாகவே திரும்பிவிடுவேன். அவன் போன பிறகு இங்கே வந்துவிடலாம் என்று நான் கூப்பிட்டேன். அவனை விட்டு வர முடியாது என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு உன் வாசலில் வந்து நின்று என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் மேட்டுக்குப் போகிற வழக்கம் நம் தோட்டத்தில் இல்லை. நீயும் போக மாட்டாய், நானாவது போக வேண்டும் என்று வந்துகொண்டிருந்தேன்.

இந்தத் தடவை சிவப்பு நாடா கட்டிய குச்சிகளைப் பார்த்தேன். அவற்றை ஒட்டியே நடந்தும் பார்த்தேன். ரோடு மேல் மூலையோடு நின்றுவிடுகிறது. நம் குகன் கீழே வாய்க்கால் ஓரம், அந்த ஒற்றை ரப்பர் மரத்தடியில் இருக்கிறான். அவனுக்கும் ரோட்டுக்கும் நல்ல தூரம். நீ பயப்பட ஒன்றுமே இல்லை. கையெழுத்து என்ற பேச்சே நமக்கு வராது.

மேலே இருக்கிற ஒரு பிள்ளையை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. யாரோ செம்பருத்தி நட்டு, சுற்றி வெள்ளைக் கல் அடுக்கி, பொம்மை லாரி ஒன்றை வைத்து, அப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள். சரியாக அதன் நடுவில் ஒரு குச்சியை அடித்திருக்கிறார்கள். பெற்றவள் என்ன பாடுபடுவாளோ. வருஷா வருஷம் அந்தச் செடியைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும், நம் பிள்ளைக்கு நான் ஒரு பூச்செடிகூட வைக்கவில்லையே என்று.

உடம்பைப் பார்த்துக்கொள். பள்ளிக்கூடக் கேண்டீனில் இன்னும் அந்தப் பெரிய பானையை நீதான் தூக்குகிறாயா?

கணேஸ்வரன்


பெம்பான்,
9.3.2024

குகனின் அப்பாவுக்கு,

அந்தச் செம்பருத்தி நான் நட்டது. அந்த லாரி நான் வைத்தது.

நீங்கள் தப்பாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அவனை அடக்கம் செய்த அன்றைக்கு என்னை ரப்பர் பால் ஸ்டோர் முச்சந்தியிலேயே நிறுத்திவிட்டார்கள். பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது என்று குஞ்சம்மா அக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். உங்கள் முதுகு மேட்டில் ஏறி மறைகிறவரைதான் பார்த்தேன். மூன்று தீபாவளி பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. குழி வெட்டிய பிச்சைமுத்து அண்ணனிடம் போய், எங்கே என் பிள்ளை என்று கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "இதான்மா ஓம் புள்ள" என்று காட்டினார். ஊர் பேசியது. நான் கவலைப்படவில்லை.

அன்றிலிருந்து தீபாவளிக்கு முதல் நாளும் அவன் பிறந்தநாளுக்கும் போகிறேன். மைலோ கலந்து, அவனுக்குப் பிடித்த மாதிரி பிஸ்கட்டை அதிலேயே ஊறவைத்துக் கொண்டுபோவேன். எனக்கு அம்மை போட்டிருந்த வருஷம்கூட விடவில்லை. எனக்குத் தெரியாதா என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று?

அன்று நீங்கள் நிதானத்தில் இல்லை. துக்கத்தில் இடம் மாறித் தெரிந்திருக்கும். யோசித்துப் பார்த்து, நீதான் சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

திலகவதி


தங்கா பத்து,
16.3.2024

திலகவதிக்கு,

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். என்னால் எழுத முடியவில்லை.

சின்னப் பிள்ளைக்குப் பாடை கிடையாது. அவனை என் கையில்தான் தூக்கிக்கொண்டு போனேன். மேல் மூலையில்தான் முதலில் இடம் காட்டினார்கள். அங்கே மண்ணைவிடக் கல் அதிகம். பிள்ளைக்கு முதுகில் குத்தும் என்று நான்தான் கீழே வெட்டச் சொன்னேன். அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது. வாய்க்கால் ஓரம் மண் மெத்தென்று இருந்தது. என் கையாலேயே இறக்கினேன். தலைமாட்டில் அடையாளத்துக்கு ஒன்றும் கிடைக்காமல், அவன் உருட்டி விளையாடுவானே, என் பழைய மோட்டாரின் பல்சக்கரம், அதைப் பாதி புதைத்து வைத்தேன். இன்னும் அங்கேயே துருப்பிடித்து நிற்கிறது. நீயே போய்ப் பார்.

பிச்சைமுத்து அண்ணன் மேல் கோபம் வேண்டாம். அவர் எத்தனை பிள்ளைகளுக்கு வெட்டியவர். ஒரு தாய் வந்து நின்று கேட்கும்போது தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர்.

நீ மேட்டுக்குப் போகிறாய் என்று தெரிந்திருந்தால் போன கடிதத்தில் அந்த வரிகளை எழுதியிருக்க மாட்டேன். கவரை ஒட்டி அனுப்பிய என் கையை நானே வைதுகொண்டிருக்கிறேன்.

கணேஸ்வரன்


பெம்பான்,
12.5.2024

குகனின் அப்பாவுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதவில்லை.

குஞ்சம்மா அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கீழே போனேன். ரப்பர் மரம் இருந்தது. இலைக் குப்பையை விலக்கினால் உங்கள் பல்சக்கரமும் இருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். என் பிள்ளை அங்கேதான் இருக்கிறான். உங்களைத் தப்பு என்று எழுதியதற்கு வருத்தம்.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. தெரியாத வீட்டுக்கு விருந்துக்குப் போனவள் மாதிரி கூச்சமாக இருந்தது. பெற்ற பிள்ளை முன்னால் எனக்கு ஒரு வார்த்தை பேச வரவில்லை. இத்தனை வருஷப் பேச்சையும் மேலேயே பேசித் தீர்த்துவிட்டேன். எழுந்து வீட்டுக்குத் திரும்பினேன், கால் தானாகச் செம்பருத்திக்குப் போய் நின்றது. அங்கே போனதும்தான் அழுதேன். அக்கா, "நீ யாருக்குடி அழற இப்ப?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

இந்த மாதம் கம்பெனி வக்கீல் வந்து எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். நிலம் தோட்ட நிர்வாகத்துடையது, மேலிடத்து அனுமதியும் வந்துவிட்டது, நாம் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் ரோடு வரும். கையெழுத்துப் போட்டவர்களின் பிள்ளைகளை அவர்கள் கேட்கிற இடத்தில் தனித்தனியாக அடக்கம் செய்வார்கள். கேட்க ஆள் இல்லாதவர்களை ஒன்றாக அள்ளி ஒரே குழியில் போட்டுவிடுவார்கள். சாமிக்கண்ணு அண்ணன் நம்பிக்கொண்டிருந்தது வீண். ஊரில் ஒருவரும் அதை ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

செம்பருத்தி அடியில் இருக்கிற அந்தப் பிள்ளைக்கு உறவு யார் என்று தேடினேன். கோயில் பலகையில் எழுதிப் போட்டேன். மெர்லிமாவ் பக்கம் போய்விட்ட பழைய குடும்பங்களுக்கெல்லாம் குஞ்சம்மா அக்கா போன் செய்தார். ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட காலத்தில் எங்கெங்கிருந்தோ ஒப்பந்தத்துக்கு வந்த குடும்பங்கள் இருந்தன. வேலை முடிந்ததும் போய்விட்டார்கள். அவர்களில் யாருடையதோ. ஒருவரும் வரவில்லை.

இப்போது நான் கேட்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்தப் பிள்ளை குகன்தான் என்று நாம் எழுதிக் கொடுத்துவிடலாம். அவன் இறப்புப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. தாய் நான், தகப்பன் நீங்கள். கீழே இருக்கிற நம் பிள்ளைக்கு ஒரு தாளும் தேவையில்லை, அவனை யாரும் தொடப்போவதில்லை. மேலே இருக்கிறதை எடுத்து அவன் பக்கத்தில் வைத்துவிடலாம். பொய்தான். ஆனால் இத்தனை வருஷமாக நான் நம்பியதைத்தானே எழுதப்போகிறேன்?

போடாதீர்கள் என்று சொன்ன நானே போடுங்கள் என்கிறேன். ஊர் என்னைக் காறித் துப்பும். சாமிக்கண்ணு அண்ணனிடம் இப்போதே சொல்லிவிட்டேன். "நீயே போட்டுட்டா நாங்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பேசறது?" என்று கேட்டுவிட்டுப் போனவர், எதிரே வந்தாலும் பேசுவதில்லை. போகட்டும். மைலோ ஊற்றின கையால் அதைப் பொதுக்குழிக்கு அனுப்ப என்னால் முடியாது.

தாள் உள்ளே இருக்கிறது. பென்சிலால் கோடு போட்ட இடத்தில் நீங்கள் போட வேண்டும்.

திலகவதி


தங்கா பத்து,
2.6.2024

திலகவதிக்கு,

தாளை இரண்டு வாரம் டிராயரில் வைத்திருந்தேன். முடியாது என்று எழுதத்தான் நினைத்தேன். அரசாங்கத் தாளில் பொய் எழுத எனக்குப் பயம் இல்லை. அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. இந்த உலகத்தில் அவனுக்கென்று மிச்சம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் எடுத்து வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்கிறாயே என்று உன் மேல் கோபம் கோபமாக வந்தது.

பிறகு வேறு மாதிரியும் யோசித்தேன். நான் வருஷத்துக்கு ஒரு நாள் வந்து புல் வெட்டிவிட்டுப் போனவன். நீ அந்தப் பிள்ளைக்கு அம்மை கண்ட உடம்போடு போய் மைலோ வைத்தவள். இதில் எனக்குப் பேச என்ன இருக்கிறது? நம் பையனும் கஞ்சன் இல்லை. உனக்கு நினைவிருக்கும், பாலர் பள்ளியில் கொடுத்த பிஸ்கட்டைப் பாதிதான் வீட்டுக்குக் கொண்டுவருவான், மீதியை வழியில் கேட்ட பிள்ளைக்குக் கொடுத்துவிடுவான். பெயரையும் கொடுப்பான்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ கோடு போட்ட இடத்திலேயே.

தோண்டுகிற அன்றைக்கு நான் வர மாட்டேன். ஒரு தடவை குழிக்குள் பார்த்த கண் இது. இன்னொரு தடவை பார்க்கச் சொல்லாதே. முறைப்படி செய்ய வேண்டியதைப் பூசாரி காளிதாஸிடம் சொல்லிச் செய்துகொள். முடிந்ததும் இரண்டு வரி எழுது.

ஊர் பேசுவதைக் காதில் வாங்காதே. காற்றாலை வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

கணேஸ்வரன்


பெம்பான்,
18.8.2024

குகனின் அப்பாவுக்கு,

இரண்டு வரி கேட்டீர்கள். கொஞ்சம் கூடிவிடும்.

வியாழக்கிழமை காலையில் முடிந்தது. என்னோடு குஞ்சம்மா அக்காவும் ஷாமினியும் வந்தார்கள். யாரும் முச்சந்தியில் நிற்கவில்லை. சாமிக்கண்ணு அண்ணன் வர மாட்டார் என்றிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்பே மேட்டில் நின்றார். என்னிடம் பேசவில்லை, ஆனால் செம்பருத்தியை வேரோடு பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தது அவர்தான். காளிதாஸ் சூடம் காட்டினார். அதன் பிறகு மண்வெட்டி போட்டார்கள்.

சுகாதார இலாகாவிலிருந்து ஒரு மலாய்ப் பெண் அதிகாரி வந்திருந்தாள். நம்முடைய தாள் அவள் கையில்தான் இருந்தது. நீங்கள் சொன்னது சரி, அங்கே கல்தான் அதிகம். நெடுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கறுத்த மண்ணாக வந்தது. அதை மண்வெட்டியால் தொட வேண்டாம் என்று சொல்லி நானே குனிந்து கையால் அள்ளினேன். கையில் ஏதோ தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தேன்.

வளையல். சிவப்புக் கண்ணாடி வளையல், என் இரண்டு விரல் நுழைகிற அளவு. இரண்டு முழுசாக இருந்தன. மற்றவை உடைந்து கிடந்தன.

பையன் கைக்கு அப்படிக் கை நிறைய வளையல் யார் போடுவார்கள்? அதிகாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாளைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள். "இனி புடாக் பெரெம்புவான், காக்," என்றாள். இது பெண் பிள்ளை அக்கா என்று. பெற்றவளுக்குத் தெரியாதா தன் பிள்ளை ஆணா பெண்ணா என்று? தாளைக் கிழித்து எறிந்துவிட்டு, பொதுக்குழிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மடியில் இருந்த மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளைதான்" என்றேன்.

அவள் பேனாவை எடுத்து 'ஆண்' என்றிருந்ததை அடித்து 'பெண்' என்று எழுதினாள். பிறகு பெயரையும் அடித்தாள். நம் குகன் பெயர் அவனிடமே திரும்பிவிட்டது. "நாமா?" என்று கேட்டாள். பெயர் என்ன என்று.

இத்தனை வருஷம் அவளுக்கு லாரி பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன். டேய் டேய் என்று கூப்பிட்டிருக்கிறேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

குகன் என் வயிற்றில் இருந்தபோது, பெண்ணாகப் பிறந்தால் மலர்விழி என்று வைக்க வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்தது நினைவிருக்கிறதா? உங்களுக்கு மறந்திருக்கலாம். பையன் பிறந்ததும், சரி, அடுத்ததுக்கு வைப்போம் என்று சொன்னீர்கள். அடுத்தது நமக்கு வரவே இல்லை. அதிகாரிக்கு அந்தப் பெயரைத்தான் சொன்னேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்கிற அவகாசமும் இல்லை. தகப்பன் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தது. அதை அவள் அடிக்கவில்லை.

கீழே குகனுக்கு வலப்பக்கம் அவளை வைத்திருக்கிறோம். மண் மெத்தென்றுதான் இருக்கிறது. வளையலை அவளோடேயே வைத்துவிட்டேன். சாமிக்கண்ணு அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் செடியை நட்டார். திரும்பி வரும்போது குகன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இந்தத் தடவை பேச வந்தது. தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்று சொன்னேன்.

மேலே இப்போது பெரிய பெரிய இயந்திரம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் கோபுரம் நிற்குமாம். நிற்கட்டும். ஹாஜி இன்னும் வௌவாலுக்காக மனு எழுதிக்கொண்டிருக்கிறார், நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் மாதம் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மலர்விழிக்குப் படையல் போடுகிறேன். பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யாராவது செய்தார்களோ இல்லையோ. காளிதாஸ் பத்து மணிக்கு வருவார். மகளுக்குத் தகப்பன்தான் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்கிறார். இலை வீட்டில்தான் போடுகிறேன், மேட்டில் இல்லை. உங்களுக்கும் சேர்த்து அரிசி போடுவேன்.

இப்படிக்கு,
குகன், மலர்விழி அம்மா